குப்பையில் பூக்கும் ரகசியத் தோட்டங்கள்: வேலூர், ஆம்பூரில் எந்தக் கழிவு கைகொடுக்கும், எது காலை வாரும்?

சண்டிகர் நகரத்துக்குள் ஒரு தோட்டம் 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் வளர்ந்தது. அரசாங்கத்துக்கே தெரியாது. அதைக் கட்டியவரோ அரசாங்க ஊழியர்!

அவர் பெயர் நேக் சந்த். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் 1924-ல் பிறந்தவர். பிரிவினையின்போது இந்தியாவுக்கு வந்து, சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே திட்டமிட்ட அந்தப் புது நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. உடைந்த ஓடு, வளையல் துண்டு, பீங்கான் சில்லு, மின்சார ஃப்யூஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், கட்டடமே கட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டுப் பள்ளத்தில், வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து சிலைகள் செய்தார். 1957 வாக்கில் தொடங்கிய வேலை அது. 1975-ல் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது, அது 12 ஏக்கர் தோட்டமாகப் பரவியிருந்தது.

சட்டப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பு, இடித்திருக்க வேண்டும். ஊர் மக்கள் தோட்டத்தின் பக்கம் நின்றார்கள். 1976-ல் அது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் கிடைத்தன. 1984-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. 2015-ல் தனது 90-வது வயதில் அவர் காலமானார். ‘ராக் கார்டன்’ இன்று சண்டிகரின் அடையாளம்.

சரி, இதே மாதிரி ஒன்றை வேலூரிலும் ஆம்பூரிலும் செய்ய முடியுமா? முடியும். ஆனால், தோல் தொழில் நடக்கும் இந்த மண்ணில் ‘கழிவிலிருந்து தோட்டம்’ என்பதற்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை தேவை. இங்கே எல்லாக் குப்பையும் ஒரே குப்பை அல்ல.

இவை என்ன வகைத் தோட்டங்கள்?

நகரத்துக்குள் யாரும் கவனிக்காத மூலைகளில் முளைப்பவை இவை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கிடக்கும் சந்து, கைவிடப்பட்ட கார் நிறுத்தம், ஆற்றங்கரைக் குப்பைமேடு, மொட்டை மாடி என எதுவாகவும் இருக்கலாம். மூன்று விஷயங்கள் இவற்றுக்குப் பொது. பாத்தி, பாதை, வேலி எல்லாம் பழைய பொருட்களால் ஆனவை. செடிகள் பெரும்பாலும் அந்தந்த ஊரின் வெயிலையும் மண்ணையும் தாங்குபவை. மனிதர்களுக்கு மட்டுமல்லாமல் பறவை, தேனீ, பட்டாம்பூச்சி, தவளைக்கும் சேர்த்தே இடம் ஒதுக்கியவை.

லண்டனில் ஒரு உதாரணம் இருக்கிறது. நாடக அரங்குகளும் கடைகளும் நெருக்கியடிக்கும் வெஸ்ட் எண்ட் பகுதியில், கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது ‘ஃபீனிக்ஸ் கார்டன்’. கார் நிறுத்தமாகக் கிடந்த இடத்தில் 1984-ல் அந்தப் பகுதி மக்கள் உருவாக்கியது. வெளியிலிருந்து வளமான மண்ணைக் கொட்டி நிரப்புவதற்குப் பதிலாக, கல்லும் செங்கல் தூளும் கலந்த அந்த மண்ணிலேயே பிழைக்கும் செடிகளைத் தேடித் தேடி வைத்தார்கள். லண்டனின் நட்டநடுவில் இன்று அங்கே தவளைகள் வாழ்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் சென்னை. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த அரசு நிலம் ஒன்றில், மரங்களுக்காகவே இயங்கும் ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் 2006-ல் நாட்டு மரக்கன்றுகளை நடத் தொடங்கினார்கள். இப்போது அது ஒரு குட்டிக் காடு. பக்கத்துத் தெருவில் போகிறவர்களில் பலருக்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியாது.

அதே அடையாற்றின் கழிமுகத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டு, ஆக்கிரமிப்பில் சுருங்கிக்கொண்டிருந்த நிலம், 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவாக 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே முதலில் செய்தது செடி நடுவதல்ல. குப்பையை அகற்றி, தண்ணீர் வந்துபோக வழி விட்டதுதான். தண்ணீர் திரும்பியது, பின்னாலேயே மீனும் பறவையும் வந்தன.

வேலூர், ஆம்பூரில் மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்த ஆற்றங்கரைதான் தமிழகத்தின் தோல் தொழில் மண்டலம். லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் இந்தத் தொழில்தான். ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததும் இதே தொழில்தான்.

‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். ‘கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்’, ‘ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும்’ என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்த தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்ற ஆய்வுத் தகவலையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு மாசு குறித்துத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது.

தோட்டம் போட நினைப்பவர் இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: உப்பு, குரோமியம்.

உப்பு: பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் தொழிற்சாலைக்கு வருகிறது. அதைக் கழுவும் நீரில் உப்பு கரைந்து போகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு நீங்காது. இப்படி வெளியேறிய தண்ணீர் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இடங்களில் கிணறும் போரும் உப்புக் கரிக்கும்.

குரோமியம்: இன்று உலகில் பெரும்பாலான தோல் குரோமிய உப்பால்தான் பதனிடப்படுகிறது. அதற்குப் பயன்படுவது குரோமியம்-3. ஒப்பீட்டளவில் ஆபத்து குறைந்தது. ஆனால், தோல் துண்டுகளை எரித்தால் அதில் ஒரு பங்கு குரோமியம்-6 ஆக மாறக்கூடும். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள். தோல் தொழிலுக்கான ரசாயனம் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட ராணிப்பேட்டை தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை வளாகத்தில், ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு மலைபோல் தேங்கிப்போனது ஊரறிந்த கதை.

அதனால்தான் சண்டிகரில் நேக் சந்த் செய்ததுபோல ‘கையில கிடைச்சதை எடுத்துப் போடு’ என்பது இங்கே சரிப்பட்டு வராது.

எதை எடுக்கலாம்?

*செங்கல், ஓடு, பீங்கான்:* வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் செங்கல், நாட்டு ஓடு, உடைந்த டைல்ஸ் ஆகியவை பாத்தி கட்டவும் நடைபாதை போடவும் நல்லவை. சுண்ணாம்பும் சிமென்ட்டும் ஒட்டியிருந்தால் மண்ணின் காரத்தன்மை கூடும். தட்டிக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டு மட்டும் கூடவே கூடாது. அதை உடைத்தால் பறக்கும் இழை நுரையீரலுக்கு எமன்.

*மரப் பேலட்:* ஏற்றுமதி நடக்கும் ஊர் என்பதால் பழைய பேலட்டுகள் கிடைக்கும். அதன் மேல் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘ஹெச்.டி.’ என்று இருந்தால் பூச்சி போக வெறும் சூட்டில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு போட்டது, தொட வேண்டாம். ரசாயனம் சிந்திய கறை இருந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

*பெயின்ட் வாளி, தண்ணீர் கேன், சிமென்ட் சாக்கு:* நன்றாகக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டால் தொட்டி தயார். பெயின்ட் வாளியில் பூச்செடி மட்டும் வைப்பது நல்லது. சிமென்ட் சாக்கு வெயிலில் ஓராண்டிலேயே நைந்து பொடிப்பொடியாகும். அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

*தேங்காய் மட்டை, காய்ந்த இலை:* தொட்டியின் அடியில் போட்டால் ஈரம் பிடிக்கும், பாரமும் குறையும்.

எதைத் தொடவே கூடாது?

*ரசாயன நீல டிரம்:* பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் நீல டிரம்மைத் தண்ணீர் பிடிக்கவும் செடி வைக்கவும் வாங்குவது வழக்கம். உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால், வாடை அடித்தால், உள்சுவரில் பச்சை, மஞ்சள் கறை தெரிந்தால் வேண்டவே வேண்டாம். ஜூஸ், எண்ணெய் போன்ற உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

*தோல் துண்டு, தோல் சீவல்:* ‘தோல்தானே, மக்கிடும்’ என்று உரக்குழியில் போடக் கூடாது. குரோமியத்தில் பதனிட்டது சீக்கிரம் மக்காது. மக்கும்போது குரோமியத்தை மண்ணில் விட்டுவிடும். எரிப்பது அதைவிட மோசம்.

*சுத்திகரிப்பு நிலையச் சேறு:* பார்க்கக் கறுப்பு உரம் மாதிரி இருக்கும், ஆனால் அது அபாயகரக் கழிவு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் இப்படிச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்ததை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

*சோல், ரெக்சின் வெட்டுத் துண்டு:* ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் இவற்றை நிலமூடாக்காக விரிக்கும் யோசனை வரலாம். வெயிலில் உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். பிறகு பொறுக்கியெடுக்க முடியாது.

மண்ணையும் தண்ணீரையும் எப்படி நம்புவது?

தொழிற்சாலைக்கோ பழைய கழிவுநீர் ஓடைக்கோ அருகில் இருக்கும் நிலம் என்றால், முதலில் பரிசோதனை. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையோ, விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். வழக்கமான மண் பரிசோதனையில் உப்பின் அளவு, கார-அமில நிலை, தழை, மணி, சாம்பல் சத்துகள்தான் தெரியும். குரோமியம் தெரிய வேண்டுமானால் கன உலோகப் பரிசோதனை என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? தரையைத் தோண்டாமல், அதன்மேல் செங்கல்லால் ஒன்றரை அடி உயரப் பாத்தி கட்டி, நம்பிக்கையான இடத்து மண்ணை நிரப்பலாம். அப்படியும் கீரை, முள்ளங்கி, கிழங்கு வகைகளைத் தவிர்த்துவிட்டுப் பூச்செடியும் நிழல் மரமும் வைப்பதே புத்திசாலித்தனம். சாப்பிடும் காய்கறிக்கு மொட்டை மாடித் தொட்டிதான் பாதுகாப்பு. உரத்துக்கு உள்ளாட்சிகளின் நுண் உர மையங்களில் மக்கும் குப்பையிலிருந்து தயாராகும் உரத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

தண்ணீருக்கு மழையை விட்டால் நல்ல வழியில்லை. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர். அதில் பாதியைப் பிடித்தாலும், உப்புப் போர்த் தண்ணீரோடு கலந்து ஊற்ற உதவும். தரையில் மரம் வைப்பவர்களுக்குப் பூவரசும் புங்கையும் ஓரளவு உப்பைத் தாங்கும்.

மாடியில் பாரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஈரமண் ஒரு லிட்டர் சுமார் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். 200 லிட்டர் டிரம்மில் பாதிக்கு மண் போட்டாலே 150 கிலோவைத் தாண்டிவிடும். இதை மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ தூணோ இருக்கும் ஓரங்களில் வைக்க வேண்டும்.

குருவிக்கும் தேனீக்கும் என்ன செய்யலாம்?

அழகுச் செடி வைத்தால் பட்டாம்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது முட்டையிட்டு இங்கேயே பெருக வேண்டுமென்றால், புழு தின்ன இலை வேண்டும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருந்தால் எலுமிச்சை அழகி வரும். இலையில் ஓட்டை விழுந்தால் ‘ஐயோ, பூச்சி!’ என்று மருந்தடிக்கக் கூடாது. அந்த ஓட்டைதான் தோட்டம் வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி.

கூட்டமாக இல்லாமல் தனித்தனியாக வாழும் தேனீ வகைகள் நிறைய. பழைய மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, மழை படாத சுவரில் தொங்கவிட்டால் அவற்றில் சில வகைகள் வந்து கூடு கட்டும். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குல ஓட்டையுள்ள மரப்பெட்டி போதும். மீதமான ஓட்டையும் செங்கல்லையும் ஒரு மூலையில் குவித்து வைத்தால் ஓணான், அரணை, தேரைக்கு வீடு. அதே குவியலில் தேளும் பாம்பும் தங்கும் என்பதால், வாசலிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

உச்சி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஒரு தட்டுத் தண்ணீர்தான் பறவைகளுக்குப் பெரிய உதவி. அகலமான மண் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் தேனீயும் உட்கார்ந்து குடிக்கும். கொசு முட்டை வளர்ந்து பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாரம் இரண்டு முறை தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றினால் டெங்குப் பயம் இல்லை. பழைய டயரை அலங்காரத்துக்கு வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஓட்டை போடாத டயர் கொசுப் பண்ணைதான்.

இடம் யாருடையது?

பல தோட்டங்கள் அழிவது வெயிலால் அல்ல, பட்டாவால். ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்று புறம்போக்கில் தொடங்கும் தோட்டம், சாலை அகலப்படுத்தும்போது ஒரே நாளில் போய்விடும். உலகப் புகழ்பெற்ற ராக் கார்டனே இதற்குத் தப்பவில்லை. 2025 மார்ச்சில் சாலை விரிவாக்கத்துக்காக அதன் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எனவே, உள்ளாட்சி இடம் என்றால் ஆணையருக்கு மனு கொடுத்து, எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிக்கொள்வது முக்கியம். ஏரி, குளம், ஓடையின் கரையில் கட்டுமானம் எதுவும் வேண்டாம். பள்ளி, மருத்துவமனை, ஷூ கம்பெனி வளாகங்களின் பின்பக்க மூலைகள் இதைவிடச் சுலபம். அங்கே கேட்க வேண்டியது ஒரே ஒருவரிடம்தான்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

தொடங்கும் முன் ஒரு தடவையாவது நேரில் பார்ப்பது நல்லது. கோட்டூர்புரத்துக்கும் தொல்காப்பியப் பூங்காவுக்கும் ஒரே நாளில் போய்வரலாம். பூங்காவின் பார்வை நேரத்தையும் அனுமதி முறையையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை 7 மணிக்கு முன்னால் போனால் பறவைகள் கண்ணில் படும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். கூட்டைப் பார்த்தால் கிட்டப் போய்ப் படமெடுக்க வேண்டாம். போட்டோவைப் போடும்போது கூடு இருக்கும் இடத்தின் லொகேஷனையும் சேர்த்துப் போடாமல் இருந்தால், அந்தக் கூடு தப்பிக்கும்.

எந்தச் செடியில் தொடங்குவது?

இந்த மண்ணுக்கு ஒரே ஒரு செடியைச் சிபாரிசு செய்யச் சொன்னால், அது ஆவாரையாகத்தான் இருக்க முடியும்.

காரணம் இருக்கிறது. குரோமியம் பரவலாவதற்கு முன்பு, தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளில் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டையிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து தோலை அழுகவிடாமல் காத்தது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970-களில் கட்டுப்பாடு வந்து, தயாரித்த தோலும் ஷூவும் ஏற்றுமதியாகத் தொடங்கிய பிறகுதான், வேகமாக வேலை முடியும் குரோமியம் இங்கே ஆட்சிக்கு வந்தது. ஆவாரை மறக்கப்பட்டது.

ஆனால், செடி எங்கேயும் போய்விடவில்லை. பாலாற்றங்கரை மேடுகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இன்னமும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதைத்தான் தேடிப் போகிறார்கள். கல்லாங்காட்டு மண் போதும். அதிகத் தண்ணீர் கேட்காது. ஆடு மாடும் அவ்வளவாகக் கடிக்காது. வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அதன் இலையில் முட்டையிடும், தேனீக்கள் பூவை விடாது.

காய்ந்து தொங்கும் ஆவாரங்காயைப் பறித்து, விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். செலவு ஒன்றும் இல்லை. உணவுப் பொருள் வந்த ஒரு பழைய வாளி, நம்பிக்கையான மண், நான்கு விதை. இவ்வளவு இருந்தால் ஆம்பூர் வீட்டு மாடியிலும் ஒரு ரகசியத் தோட்டம் தொடங்கிவிடும்.